அழகு யாருடைய உடைமை?

ஐப்பசி மாதத்தில் ஒருநாள், சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது, பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு பறவை சோர்ந்து கிடந்தது. பச்சை முதுகு, நீலம் மின்னும் சிறகு, வெண்ணிறத் தொண்டை, மஞ்சள் தோய்ந்த மார்பு, கண்ணுக்குச் சுருமா தீட்டினாற் போன்ற கரிய பட்டை, வாலடியில் மாதுளைச் சிவப்பு. “வாப்பா, இதை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு கூண்டு வாங்கித் தாருங்கள்” என்றான் என் இளைய மகன்.

அதுதான் ஆறுமணிக்குருவி. காலையிலும், மஃரிபு பாங்கொலி எழும் வேளையை ஒட்டி மாலையிலும், இரட்டைச் சீழ்க்கையாய்க் கூவுவதால் மக்கள் இட்ட பெயர் அது. ஒன்பது நிறத்தது என்னும் பொருளில் வடநாட்டார் ‘நவரங்’ என்பர். இமய அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வருகிறது. உடல் 19 சென்டிமீட்டர்தான். இரவில் பறந்து கடக்கும் தொலைவோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். களைத்துப்போனால் கடலூர், சிதம்பரம் பக்கத்துத் தோப்புகளிலும் கொல்லைகளிலும் இறங்கிவிடும்.

இத்தனை நிறம் பெற்றும் அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. மரநிழலில் சருகுகளைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தேடும். ஆளரவம் கேட்டால் புதரில் மறையும். அப்படியானால் இந்த அழகு யாருக்காக? காண்பவனுக்காகவே என்று கொண்டால், கண்டவன் எடுத்துக்கொள்வதிலும் பிழையில்லை என்றாகிவிடும். கூண்டு பிறப்பது இந்த எண்ணத்தில்தான்.

“பூனையிடமிருந்து காப்பாற்றத்தானே கூண்டு?” என்று மகன் மறுத்துக் கேட்டான். நியாயமான கேள்வி. இரக்கத்தின் உடையை அணிந்து ஆசை வரும்போது, அதனை இனங்காண்பது பெரியவர்க்கும் அரிது. அதற்கு அளவுகோல் ஒன்று உண்டு. காக்க விரும்புகிறவன் விடுவிக்கும் நாளை எதிர்நோக்குவான். ஆசைப்பட்டவன் அந்நாளைத் தள்ளிப்போடுவான்.

பறவையியல் பேரறிஞர் சாலிம் அலி (1896–1987) சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையிலிருந்த மஞ்சள் திட்டைக் கண்டு வியந்து, இது என்ன பறவை என்று கேட்டறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். அக்கேள்வியே அவர் வாழ்வின் திசையை மாற்றியது. பின்னாளில் பரத்பூர்ப் பறவைகளுக்காகவும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டிற்காகவும் அவர் குரல் கொடுத்தார். 1985இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அச்சிட்டின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். அறிவு வளர்ந்தது, ஆயினும் வீழ்ந்த சிட்டு மீளவில்லை. நம் பிள்ளைகள் அந்த விலையைக் கொடுக்காமலேயே அந்த அறிவைப் பெறலாம் அன்றோ?

காட்டுப் பறவையைக் கூண்டில் அடைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி மகனை அடக்க நான் விரும்பவில்லை. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பறவையை அமைதியாக ஓய்வெடுக்க விட்டோம். மாலையில் அவனையே பெட்டியைத் திறக்கச் சொன்னேன். சற்றே தயங்கினான், பிறகு திறந்தான். வேலியோரம் தத்தி நடந்த பறவை, இருள் கவிந்ததும் மறைந்தது. அவன் கண்கள் கலங்கின.

“நம்மிடம் வந்து சேர்வதெல்லாம் நம் உடைமையாகிவிடாது, மகனே. சில நம்மிடம் அமானிதமாக வருகின்றன” என்றேன். பறவைக்கு மட்டுமா இது பொருந்தும்? செல்வமும் அப்படியே, நாம் பெற்ற மக்களும் அப்படியே. அழகைக் கண்டு மகிழும் கண்ணோடு, உரிய வேளையில் திறந்துவிடும் கையையும் நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாக.