எரித்த காப்பியும் ஏற்றிய சோயாவும்

உணவுப் பண்டத்தைத் தீயில் போடுவது பாவம் என்று அறிய நமக்குச் சாஸ்திரம் வேண்டியதில்லை. சிந்திய அரிசியை மிதித்தாலே வீட்டில் பாட்டி கண்டிப்பாள். ஆனால் ஒரு தேசம், சர்க்கார் உத்தரவோடு, வருஷக்கணக்காக அந்தக் காரியத்தைச் செய்தது. 1931 முதல் 1944 வரை பிரேஸில் தீயிட்டும் கடலில் கொட்டியும் அழித்த காப்பிக்கொட்டை ஏறக்குறைய 7 கோடியே 80 லட்சம் மூட்டை. மூட்டை ஒன்றுக்கு 60 கிலோ. அன்றைய உலகம் முழுவதும் சுமார் மூன்று வருஷம் குடித்திருக்கக்கூடிய காப்பி அது!

கேட்டதும் மனம் பதறுகிறது. காலைக் காப்பி சற்றுத் தாமதமானாலே முகம் கறுக்கும் நம்மவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பதறலாம். ஆயினும் நிதானமாக யோசித்தால், அப்படிச் செய்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து காப்பி விலை பாதிக்கும் கீழே போயிற்று. விலையை நிமிர்த்தாவிட்டால் தோட்டக்காரனோடு கூலிக்காரனும் தெருவில் நிற்பான். தவிரவும், காப்பி பசி தீர்க்கும் பண்டமன்று. அது எரிந்ததால் எவன் வயிறும் காயவில்லை. அருவருப்பான காரியம்தான், மகாபாதகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. இன்று பிரேஸில் எதையும் எரிப்பதில்லை. காப்பி, சர்க்கரை, சோயா, மாட்டிறைச்சி எல்லாவற்றையும் உலகிலேயே அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு அது. பயிருக்கு ஆகாதென்று ஒதுக்கப்பட்ட செராடோ என்னும் புளிப்பு மண் புல்வெளியில், 1973-ல் தோன்றிய எம்ப்ராபா என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் உழைப்பால், சுண்ணாம்பு இட்டுச் சோயா விளைவித்தார்கள். பிரமிக்கத்தக்க சாதனை! 2009-ல் அமெரிக்காவை முந்திக்கொண்டு சீனா முதல் வாடிக்கையாளராயிற்று. கடல் கடக்கும் சோயாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேதான் போகிறது. பெரும்பகுதி பன்றிக்கும் கோழிக்கும் தீனி.

அதே பிரேஸிலில் 2022-ல் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தபோது 3 கோடியே 30 லட்சம் பேர் பசித்திருந்தார்கள்.

இதில் குற்றவாளி யார்? விவசாயி நேர்மையாக விளைவித்தான். வியாபாரி விலை கொடுத்து வாங்கினான். மாலுமி கப்பலைச் செலுத்தினான். ஒருவன் கையிலும் தீப்பந்தம் இல்லை. காப்பிக் குவியல் எரிந்தபோது உலகம் முகம் சுளித்தது; கப்பலில் ஏற்றும்போது புள்ளிவிவரம் எழுதி மெச்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் பாவத்துக்கு மட்டும்தான் நம் மனச்சாட்சி விழிக்குமோ?

அப்படியானால் ஏற்றுமதியை நிறுத்து என்று சில நல்லவர்கள் சொல்லக்கூடும். அது அவசரத் தீர்ப்பு. 2014-ல் ஐ.நா.வின் உணவு விவசாய ஸ்தாபனம் பசி நாடுகளின் வரைபடத்திலிருந்து பிரேஸிலை நீக்கிற்று. கப்பல்கள் அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தன. பிறகு வேலை போயிற்று, கொள்ளைநோய் வந்தது. உணவுப் பிரச்சினையைக் கவனித்துவந்த ஆலோசனைக் குழுவை 2019-ல் புதிய ஆட்சி கலைத்தது. பசி திரும்பிற்று. 2022-ல் சோயா விளைச்சலோ 2014-ஐவிட அதிகம்! 2025-ல் நாடு மறுபடி அந்த வரைபடத்திலிருந்து வெளியேறியதும் களஞ்சியம் திடீரென்று நிறைந்ததனால் அல்ல. ரெசிபே நகரத்து வைத்தியர் ஜோசுயே டி காஸ்ட்ரோ 1946-லேயே தம் நாட்டுப் பசியின் பூகோளத்தை எழுதி, பசி இயற்கை விதித்ததல்ல, மனிதன் ஏற்படுத்தியது என்று வாதாடினார்.

2009-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு மத்திய சர்க்கார் தரும் பணத்தில் 30 சதவீதமாவது சிறு குடும்ப விவசாயிகளிடம் பொருள் வாங்கச் செலவாக வேண்டும் என்றது. தேசத்தின் பலத்தைப் பேசுகிறவர்கள் துறைமுகக் கணக்கை நீட்டும்போது, நான் இந்தச் சட்டத்தைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.