பனையடிக்குப் போனால்தான் பதநீர்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்ப் பக்கம் நல்ல பதநீர் குடிக்க ஆசையா? முதலில் மரம் ஏறுகிறவரைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கொல்லையில் பாளை சீவுகிறார்கள் என்று டீக்கடையில் விசாரித்து வைத்துக்கொண்டு, பொழுது விடியும்போது பனையடியில் போய் நிற்க வேண்டும்.

பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் சாறு புளிக்காமல் இறங்குகிறது. தடவாவிட்டால் அது கள். கள்ளுக்குத் தமிழகத்தில் 1987 முதல் தடை. சுண்ணாம்பு கூடினால் நாக்கு கரிக்கும், குறைந்தால் புளிப்புத் தட்டும். அந்த அளவு முழுக்கக் கைப்பழக்கம். ஆகவே ஒருவர் இறக்கும் பதநீரின் ருசி இன்னொருவருடையதில் இருக்காது. பிடித்த கையைத் தேடிப் போவது வீண் அலைச்சல் இல்லை. ஓலைப் பட்டையில் ஊற்றி உறிஞ்சும்போது பச்சை ஓலையின் வாசமும் சேர்ந்து உள்ளே இறங்கும். வெயிலேறிய பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் விற்பதை நான் வாங்குவதில்லை.

இங்கிருந்து கிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கடல் கடந்து மது வரவழைத்த இந்த வட்டாரத்தில் இன்று கொல்லைப் பனையின் சாறே அரிதாகிவிட்டது. மரங்கள் நிற்கின்றன, ஏற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மரம் ஏறுகிறவர் சொல்லும் விலையைக் குறைத்துப் பேசாதீர்கள்.