நிறுத்தப்பட்ட வெளிச்சம்

விஸ்வநத்தத்தில் வெடி என்றால் மருந்து, கருந்திரி, வாரக்கூலி. வெறும் வண்ணத்தால் வரையப்பட்ட வெடியும் குழந்தைகளைச் சாய்த்ததுண்டு என்றால் சிவகாசிப் பக்கத்தார் வியப்படைவர்.

1997 டிசம்பர் 16 மாலை, ஜப்பானின் டிவி டோக்கியோ நிறுவனம் 'போக்கிமான்' என்னும் சிறுவர் கார்ட்டூன் தொடரின் 38ஆம் பகுதியை ஒளிபரப்பியது. பிகாச்சு என்ற சிறு பிராணி தன் மின்னலால் ஏவுகணைகளைத் தகர்க்கிறது. அவ்வெடிப்பைக் காட்டுவதற்காகச் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னுமாறு படங்களை அடுக்கியிருந்தனர். சில நொடிகள்தாம். வலிப்பு, வாந்தி, தலைச்சுற்றல் என 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; பெரும்பாலோர் சிறார். தொடர் உடனே நிறுத்தப்பட்டது. நான்கு மாதங்கள் கழித்து, 1998 ஏப்ரலில்தான் திரும்பியது. அந்த ஒரு பகுதி மட்டும் எந்நாட்டிலும் மீண்டும் காட்டப்படவேயில்லை.

படைத்தவர் எவரும் தீங்கு எண்ணியவரல்லர். மின்னும் உத்தியும் புதியதன்று; மற்றக் கார்ட்டூன்களிலும் கையாளப்பட்டதே. ஆயினும், தீங்கு எண்ணவில்லை என்பது தொடர்ந்து காட்டுவதற்கு நியாயமாகாது என ஏற்றுக்கொண்டார்கள். சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

ஆனால் அம்முடிவு அத்துணை விரைவில் பிறந்தது எப்படி? துன்புற்றோர் பார்வையாளர் வீட்டுப் பிள்ளைகள். படம் வரைந்தவர்களின் கண்கள் கெட்டிருந்தால் தொடர் நின்றிருக்குமா?

இவ்வினா நம் ஊருக்கும் உரியது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் அளவில் மாண்டனர். அவ்வாண்டும் தீபாவளி வழக்கம்போல் வெடித்தது. 2015இல் டெல்லியின் மூன்று கைக்குழந்தைகள் பெயரால், அவர்களது நுரையீரலைக் காக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு, பச்சை ஒளி தரும் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. குழந்தையின் மூச்சுக்கு எதிராக வாதாட யாருக்கு மனம் வரும்? எனக்கு வராது. எனினும், மருந்து கலந்த கைகள் கருகியபோது நிற்காத ஒன்று, வாங்குவோரின் மூச்சு திணறியபோது நின்றதை மறைப்பதற்கில்லை.

நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. நான்கு மாத இழப்பைத் தாங்கும் வலிமை போக்கிமானைத் தயாரித்தவர்களிடம் இருந்தது. இங்கோ, சரம் பின்னுவது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. தீர்ப்பை அடுத்துச் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த வாரங்களில் அவர்களுக்குக் கூலி இல்லை.