கேத்தலும் பசுவும்

வெளிவேடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்க நாடக மேடையில் இருக்கிறது. நடிகனைச் சுட்டிய சொல்லே பின்னர் நல்லவனாக நடிப்பவனையும் சுட்டலாயிற்று. அதனை உக்ரேனிய மொழிக்குக் கொண்டுசெல்பவர் 'லிட்செமீர்ஸ்த்வோ' என்று எழுதுவார். அச்சொல்லின் முற்பாதிக்கு 'முகம்' என்று பொருள். மேடை போய் முகம் வந்துவிடுகிறது. ஆயினும் கருத்துக்குப் பெரிய சேதமில்லை. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயும் முதலைக் கண்ணீரும் இரு மொழிகளுக்கும் பொதுவானவை.

சங்கடம் வேறொரு பழமொழியில்தான் தொடங்குகிறது.

'பானை கேத்தலைப் பார்த்துக் கறுப்பு என்றதாம்' என்பது ஆங்கில வழக்கு. அதற்கு ஈடாக உக்ரேனியர் சொல்வது: 'யாருடைய பசுவும் கத்தட்டும், உன்னுடைய பசு பேசாதிருக்கட்டும்.' மூலத்தில் எதுகையோடு வருவதால் நாவில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஏளனத்திலும் குறைவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றனவா?

பானையின் கூற்றில் பொய்யில்லை. ஒரே அடுப்புப் புகைதான் இரண்டிலும் படிந்திருக்கிறது. சொன்னவருக்கு யோக்கியதை இல்லை; சொன்னது உண்மை. பசுவின் கதை அப்படியல்ல. அது எதற்காகக் கத்தியது என்று எவரும் கேட்பதில்லை. வாயை மூடு என்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது.

இது வெறும் அகராதிப் பிரச்சினையன்று. சோவியத் அடக்குமுறையை அமெரிக்கா கண்டித்தபோதெல்லாம், 'உங்கள் நாட்டில் கறுப்பினத்தவரைக் கும்பல் சேர்ந்து கொல்கிறீர்களே' என்பது மொஸ்கோவின் வாடிக்கையான பதிலாக இருந்தது. அக்கொலைகள் உண்மை. 1932-33இல் உக்ரேனில் பல இலட்சம் உயிர்களைக் குடித்த பஞ்சமும் உண்மை. அந்தப் பஞ்சத்தைச் சோவியத் அரசு அரை நூற்றாண்டுக்கு மேலாக மூடிமறைத்தது. கேட்பவன் கையிலுள்ள கறையைக் காட்டினால், பட்டினியால் செத்தவர்கள் இல்லையென்று ஆகிவிடுவார்களா?

ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பேசுபவர் எதிராளியின் வாயை அடைக்க மட்டும் விரும்பினால் பசு போதும். தன் கறுப்பையும் ஒப்புக்கொண்டு பேசுகிறாரெனில் பானையையும் கேத்தலையும் அப்படியே கொண்டுசெல்வதுதான் நேர்மை. வாசகருக்கு அது சற்று அந்நியமாகத் தோன்றினாலும் பாதகமில்லை.

குற்றமற்றவர் மட்டுமே குற்றத்தைச் சொல்லலாம் என்று விதித்துவிட்டால், உலகில் எந்தக் குற்றமும் சொல்லப்படாமலே போய்விடும். வெளிவேடக்காரனின் வாயிலிருந்து வந்தாலும் உண்மைக்கு நாம் பதில் சொல்லத்தான் வேண்டும். அவனுடைய வேடத்துக்கான கணக்கை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.