பணம் கட்டுகிறவரின் உரிமை

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிள்ளைகள் 26 வயதை எட்டும் வரை பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டிலேயே இருக்க வழி செய்தது. நல்ல சட்டந்தான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. மகள் எந்த நாளில், எந்த மருத்துவரிடம், என்ன சிகிச்சை பெற்றாள் என்ற விவரத்தாள், பெரும்பாலும் பாலிசி வைத்திருக்கும் தந்தைக்குப் போய்விடுகிறது. மருத்துவர் காத்த இரகசியத்தைக் கணக்குத்தாள் சொல்லிவிடுகிறது.

"பணம் கட்டுகிறவனுக்கு அறியும் உரிமை இல்லையா?" என்று தந்தை கேட்கலாம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. செலவு எவ்வளவு என்று அறியும் உரிமை அவருக்கு உண்டென்றே நானும் சொல்வேன். ஆனால் தொகை வேறு, நோய் வேறு. சோறு போட்டவர் என்பதற்காக, வளர்ந்த பிள்ளையின் கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாமா?

தாள் வீட்டுக்கு வருமே என்று அஞ்சுகிற பெண், மனச்சோர்வு வந்தாலும் மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடக்கூடும். அப்போது தந்தை கட்டிய பணம் யாருக்குப் பயன்பட்டது?

கலிபோர்னியாவில் 2022 ஜூலை முதல், மனநலம் போன்றவற்றுக்கான சிகிச்சை விவரத்தைச் சிகிச்சை பெற்றவர் பெயருக்கே அனுப்பவேண்டும் என்பது சட்டம். வரவேற்கிறேன். ஆனால் சட்டம் கடித உறையின் மேல் பெயரைத்தான் மாற்றும். "அப்பா, எனக்கு மனசு சரியில்லை" என்று மகள் தானாக வந்து சொல்லக்கூடிய வீட்டைச் சட்டம் கட்டித் தராது. அதைத் தந்தைதான் கட்டவேண்டும். அதற்குப் பிரீமியம் பணமாக இல்லை, பொறுமையாக இருக்கிறது.