கிளாஸுக்கும் ஒரு கிளாஸ்

பைத்தான் நிரல்மொழியிடம் 5 என்ன வகை, அதாவது எந்த கிளாஸ், என்று கேளுங்கள். 'இன்ட்' என்று வரும். இன்ட் என்ன வகை? 'டைப்'. டைப்? அதுவும் 'டைப்'தான். வகுப்பில் பிள்ளைகள் இங்கே சிரித்துவிடுவார்கள். எனக்கு நியாய-வைசேஷிக மரபின் தத்துவஞானி உதயனர் ஞாபகம் வரும்.

பசுக்கள் எல்லாவற்றிலும் பசுத்தன்மை என்ற ஒரே பொது இருக்கிறது, அது வெறும் பெயரல்ல, நிஜப்பொருள் என்பது நியாய-வைசேஷிகர் கட்சி. சரி, பசுத்தன்மை, குடத்தன்மை முதலான பொதுக்களுக்கெல்லாம் மேலே இன்னொரு பொது உண்டா? உண்டென்றால் அதற்கும் மேலே ஒன்று வேண்டும், ஏணி முடியாது. இந்த அனவஸ்தையைக் காட்டித்தான் உதயனர் மறித்தார்: பொதுவுக்குப் பொது கிடையாது.

பைத்தான் ஏணியை நிறுத்தவில்லை, வளைத்துவிட்டது. டைப் தனக்குத் தானே வகை. அடிப்படை கிளாஸான 'ஆப்ஜெக்ட்' இன்னும் வேடிக்கை: டைப்பின் உருப்படி அது, டைப்போ அதன் வாரிசு. தர்க்கத்தில் இது குற்றம். சி மொழியில் எழுதிய இன்டர்பிரெட்டருக்குள்ளோ, தன்னையே காட்டும் ஒரு பாயின்டர், அவ்வளவுதான்.

என் சாய்வு திக்நாகர் பக்கம். பசு என்றால் பசுவல்லாததை விலக்குவது மட்டுமே, பொது என்று தனிப்பொருள் இல்லை என்றார் அந்தப் பௌத்தர். டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1987-இல் அறிமுகப்படுத்திய 'செல்ஃப்' மொழியிலும் கிளாஸே கிடையாது. இருக்கும் உருப்படியைப் படியெடுத்துத்தான் அடுத்ததைச் செய்ய வேண்டும்.