சஞ்சிதம்

பெரியம்மா இறந்தபோது அவருக்கு வயது 57. கர்ப்பப்பை வாய்ப் புற்று. தீட்டு நின்று ஆறு வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. எட்டு மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. “வினைடி, அனுபவிச்சுத்தான் தீர்க்கணும்” என்று கடைசியில் என்னிடம் சொன்னார். பெரியம்மா சைவர். நானும் பத்து வருஷமாகச் சித்தாந்த வகுப்புக்குப் போகிறவள்தான். அந்தப் பேச்சை மட்டும் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

வினை மூன்று. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கென வந்து நுகர்வது பிராரத்தம். இனி ஏறப்போவது ஆகாமியம். இவற்றில் நுகர்ந்தே தீர வேண்டியது பிராரத்தம் ஒன்றுதான். சஞ்சிதத்தைக் குருவின் தீக்கை எரித்துவிடும். பெரியம்மா மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார்.

எனக்கு 47 வயது. மகளுக்கு அந்தப் புற்றுக்கான தடுப்பூசி போட்ட டாக்டரிடம், எனக்கும் போடலாமா என்று கேட்டேன். அதற்குக் காரணமான எச்பிவி கிருமி வரும்முன் போட்டால்தான் ஊசி காக்கும்; ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது நீக்காது; அமெரிக்காவிலேயே 45 வயதுவரைதான் அனுமதி. “உங்களுக்கு வேண்டியது பரிசோதனைம்மா” என்றார். பெரும்பாலும் உடம்பே அந்தக் கிருமியை விரட்டிவிடுமாம். தங்கிவிட்டால், புற்றாக மாற 15, 20 வருஷம்கூட ஆகலாம். ஊசி ஆகாமியத்துக்கு. நான் பார்க்க வேண்டியது சஞ்சிதத்தை.

அதை எரிக்க முடியும் என்று காட்டியதே எங்கள் திண்டுக்கல் மாவட்டம். 2000இல் தொடங்கி, 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று நர்சுகள் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது.

பிறகும் ஏன் போக மாட்டேன் என்கிறோம்? உறவில் தொற்றும் கிருமி என்றதும், சோதனைக்குப் படுப்பதே கற்பைச் சந்தேகிக்க விடுவதுபோல் ஆகிவிடுகிறது. ஒருவனோடே வாழ்ந்தவளுக்கும் அவன் வழியாக வரும். அதைத் தன் வினை என்று அவள் தலையில் ஏற்றிக்கொண்டு சாக வேண்டும் என்பது எந்தச் சிவனுக்குச் சம்மதம்?

போன வெள்ளிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேசைமீது படுத்தபோது எனக்குக் கால் நடுங்கியது. சிவசிவ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ் மருந்தைத் தடவிவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். “திட்டு எதுவும் இல்லைக்கா.”

வெளியே பெஞ்சில் என் நாத்தனார், 44 வயது, கூட்டிவந்த கோபம் தீராமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மடியிலிருந்த பையை என்னிடம் நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.